மதுரைச் சௌராஷ்டிரர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள்?

சௌராஷ்டிரர் என்பது பட்டு நெசவைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட ஒரு சமூகம். மதுரை, கும்பகோணம், சேலம், பரமக்குடி எனப் பல ஊர்களில் வாழ்கிறார்கள். பட்டுநூல்காரர் என்றும் சொல்வதுண்டு. பூர்வீகம், இன்றைய குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதி.

ஏன் இவ்வளவு தூரம் வந்தார்கள்? கஜினி முகமது சோமநாதபுரத்தைத் தாக்கிய பிறகு கிளம்பியதாகச் சமூகத்தின் மரபு சொல்கிறது. அது ஒரு பாதிதான். பட்டு வாங்க அரண்மனையும் கோயிலும் செல்வர்களும் வேண்டும். ஆதரவு எங்கே இருந்ததோ அங்கே தறியும் போனது. தேவகிரி (இன்றைய மகாராஷ்டிரத்தில்), விஜயநகரம், பிறகு நாயக்கர் கால மதுரை என்பதுதான் சொல்லப்படும் வழி. திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றி இன்றும் அவர்கள் அடர்த்தியாக வாழ்வது தற்செயல் அல்ல.

இந்தப் பயணம் அவர்களுடைய மொழியிலேயே பதிந்திருக்கிறது. பல ஊர்களில் குடித்தனம் நடத்திய வீட்டில் ஊருக்கு ஒரு பாத்திரம் சேர்ந்திருக்குமே, அப்படித்தான். அடிப்படை குஜராத்தி, மராத்திக்கு நெருக்கம். மேலே தெலுங்கு, கன்னடம், தமிழ்ச் சொற்கள். எனக்கு இதுதான் மிக அழகான சான்று.

அப்புறம், சாதி அடையாளம். தங்களைப் பிராமணர் என்றே சொல்கிறார்கள். பூணூல், கோத்திரம் உண்டு. ராணி மங்கம்மாள் காலத்திலேயே, 1705-இல், இந்த உரிமை விவாதத்துக்கு வந்து அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. தமிழக அரசுப் பட்டியலிலோ பிற்படுத்தப்பட்ட வகுப்பு.

சௌராஷ்டிரர்களை அண்மையில் வணிகத்துக்காக வந்த குஜராத்திகள் என்று பலர் நினைப்பது தவறு. பல நூற்றாண்டுகளாக இங்கேயே வாழ்பவர்கள், டி.எம். சௌந்தரராஜனும் அவர்களில் ஒருவர்தான்.