நுளம்புக்கு எண்ணெய்: எவ்வளவு, எப்படி, எவ்வளவு நேரத்துக்கு?

மாரி தொடங்கிவிட்டால் குளத்தடியிலும் வயலோரத்திலும் இருப்பவர்களுக்கு நுளம்புதான் பெரிய கரைச்சல். சிற்றனெல்லா என்ற, புல்லிலிருந்து வடிக்கும் வாசனை எண்ணெயைக் கொண்டு வீட்டிலேயே விரட்டி எண்ணெய் கலப்பது பற்றி வன்னியின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

மல்லாவி: அண்ணை, அரைப் போத்தல் தேங்காய் எண்ணெயில பத்துத் துளி சிற்றனெல்லா விட்டுப் பூசுறம். கொஞ்ச நேரத்தில திரும்பக் கடிக்குது. எண்ணெய் கள்ளமோ?

அரைப் போத்தல் என்றால் 375 மில்லி. பத்துத் துளி அரை மில்லிகூட வராது. ஆயிரத்தில் ஒரு பங்கு எண்ணெய்க்கு நுளம்பு அசையாது. எண்ணெயைச் சந்தேகிக்க முதல் அளவைத் திருத்துங்கள்.

துளிக் கணக்கை விடுங்கள். போத்தல் வாய்க்கு வாய் துளியின் பருமன் மாறும். மருந்துக்கடையில் 5 மில்லி ஊசிக்குழாய் ஒன்று வாங்குங்கள், ஊசி தேவையில்லை. அளந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கழுவாமல் விட்டால் எண்ணெய் ஊறி உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பர் வீங்கிவிடும், அடுத்த முறை தண்டு நகராது.

பெரியவர்களுக்கு 100 மில்லி செய்ய: சிற்றனெல்லா 5 மில்லி, வேப்பெண்ணெய் 3 மில்லி, மிச்சம் 92 மில்லி தேங்காய் எண்ணெய். கபில நிறக் கண்ணாடிப் போத்தலில் முதலில் தேங்காய் எண்ணெயில் பாதியை விட்டு, மற்ற இரண்டையும் சேர்த்துக் குலுக்கி, பிறகு மிச்சத்தை விடுங்கள். சூடாக்க வேண்டாம். தை மாதத்து விடியற்காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்தால் போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து எடுத்தால் போதும். முதல் தடவை முழங்கை மடிப்பின் உட்பக்கம் ஒரு பொட்டுப் பூசி ஒரு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அந்த எண்ணெய் உங்களுக்கு ஒத்துவராது.

சரியான அளவில் கலந்தாலும் சிற்றனெல்லா ஒரு மணித்தியாலம் நின்றாலே பெரிய காரியம். அது ஆவியாகிற எண்ணெய், ஆவிதான் நுளம்பைக் குழப்புகிறது, ஆவி முடிந்தால் காவலும் முடிந்தது. வியர்த்தால் இன்னும் கெதியாகப் போகும். வேப்பெண்ணெய் மெல்லப் போவதால்தான் அதைச் சேர்க்கிறோம். நாற்றம் பிடிக்காது என்று விட்டுவிடாதீர்கள். கர்ப்பிணிகள் மட்டும் வேப்பெண்ணெய் இல்லாமல் கலக்கட்டும்.

பரந்தன்: நல்ல சிற்றனெல்லா எது என்று எப்படிப் பார்க்கிறது?

வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விட்டு அடுத்த நாள் பாருங்கள். பெரிய எண்ணெய் வட்டம் அப்படியே இருந்தால் சமையல் எண்ணெய் கலந்திருக்கிறது. மண்ணெண்ணெய் மணம் அடித்தால் தோலில் வைக்கவே வேண்டாம். தெற்கிலிருந்து வரும் போத்தலில் சிங்களத்தில் ‘பெங்கிரி’ என்று இருக்கும், அதுவும் இதுதான்.

அக்கராயன்: ஸ்பிரே போத்தலில் தண்ணியும் எண்ணெயும் விட்டன். முதல்ல வெறும் தண்ணி வருது, கடைசியில தோல் எரியுது.

தண்ணீரில் இந்த எண்ணெய் கரையாது தம்பி, மேலே மிதக்கும். குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதலில் தண்ணீர் வந்து, கடைசியில் கலக்காத எண்ணெய் நேரே தோலில் விழுகிறது. அதுதான் எரிவு.

காயம் துடைக்கிற 70 சதவீத ஸ்பிரிட் 80 மில்லியில் சிற்றனெல்லா 5 மில்லியை முதலில் கரையுங்கள். பிறகு தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பால்போல வெளுக்கத் தொடங்குகிற இடம்தான் எல்லை, அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். முதலிலேயே வெளுத்திருந்தால் தண்ணீரே விடாமல், ஒவ்வொரு முறையும் குலுக்கி அடியுங்கள். தளபாடத்துக்குப் பூசும் பொலிஷ் ஸ்பிரிட்டை எடுக்கவே கூடாது. அதில் மெதனோல் இருக்கலாம், தோலாலேயே உள்ளே போகும் நஞ்சு அது. அடுப்படியிலும் விளக்கடியிலும் நின்று அடிக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். முகத்துக்கு அடிக்க வேண்டாம், கையில் எடுத்துக் கண்ணையும் வாயையும் விட்டுப் பூசுங்கள்.

நெடுங்கேணி: எட்டு மாசப் பிள்ளைக்குப் பூசலாமோ?

வேண்டாம் அக்கா. மூன்று வயதுக்குக் கீழே எந்த வாசனை எண்ணெயும் வேண்டாம், வலைதான். பிள்ளை கையைச் சூப்பும், பூசினது எல்லாம் வாய்க்குள்தான் போகும். வேப்பெண்ணெய் குடித்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்திருக்கின்றன. கற்பூரமும் விழுங்கினால் வலிப்பைக் கொண்டுவரும். மூன்று வயதுக்கு மேல் 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு சிற்றனெல்லா 1 மில்லி மட்டும், கைவிரல்களைத் தவிர்த்து.

வவுனியா: கராம்பு எண்ணெய் கூடப் பலம் என்கிறார்களே?

பலம்தான், ஆனால் தோலை எரிக்கும். 100 மில்லிக்கு அரை மில்லிக்கு மேல் போகாதீர்கள். கறுவாப்பட்டை எண்ணெயைத் தோலுக்குத் தொடவே வேண்டாம். தேசிக்காய்த் தோல் பிழிந்த எண்ணெய் பூசி வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும்.

துணுக்காய்: வேப்பிலை, நொச்சி எல்லாம் தேங்காய் எண்ணெயில காய்ச்சிப் பூசினால்?

காய்ச்சும்போது குசினி முழுக்க வாசம் வருகிறதல்லவா? போத்தலில் இருக்க வேண்டியதுதான் அப்படிக் காற்றோடு போகிறது. மிஞ்சுவது தலைக்கு வைக்க நல்ல எண்ணெய், நுளம்புக்கு நம்ப முடியாது. வேப்பிலைப் புகை நுளம்பைக் குறைக்கும். ஆனால் தொய்வு உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருக்கிற அறையில் போடாதீர்கள்.

புளியங்குளம்: பொழுதுபட்டால்தான் பூசுறம். காணுமோ?

இது மலேரியாக் காலத்துப் பழக்கம். அந்த நுளம்பு இரவில் கடிப்பது. உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012இல்; 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இப்போது பயம் டெங்கு. அதன் நுளம்பு பகலில் கடிக்கும், காலையிலும் பின்னேரம் வெயில் தாழும்போதும் கூடுதலாக. பள்ளிக்கூடம் போக முதல் பூசுவதுதான் முக்கியம். ஊரில் டெங்கு இருக்கும்போது வீட்டு எண்ணெயை மட்டும் நம்பாமல், மருந்துக்கடையில் டீட் (DEET) என்ற நுளம்பு விரட்டி மருந்து உள்ள பூச்சை வாங்குங்கள். முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். அதனால் சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு, கிணற்றடித் தொட்டி எல்லாவற்றையும் கிழமைக்கு ஒரு தரம் ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை பக்கச்சுவரில் ஒட்டியிருக்கும், ஊற்றினால் மட்டும் போகாது.

தருமபுரம்: மிளகாய்க் கன்றில வெள்ளை ஈ. மிஞ்சின வேப்பெண்ணெயை அடிக்கலாமோ?

அடிக்கலாம், தேங்காய் எண்ணெயில் கலந்ததை அல்ல. வேப்பெண்ணெய் 5 மில்லியில் திரவச் சவர்க்காரம் 2 மில்லியை முதலில் குழைத்து, அதற்குள் ஒரு லீற்றர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மாறிச் செய்தால் எண்ணெய் பிரிந்து இலையைக் கருக்கும். பின்னேரம், இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள், பூச்சி அங்கேதான் இருக்கும். கலந்ததை அன்றைக்கே முடியுங்கள், அடுத்த நாளுக்கு வேகம் இருக்காது.

எண்ணெய்க்குக் காசு செலவழிக்கவும் தேவையில்லை. ஆனி, ஆடியில் முற்றத்தில் கொட்டுகிற வேப்பம்பழத்தைப் பொறுக்கி, சதை கழுவி, விதையை நிழலில் காயவையுங்கள். பூஞ்சணம் பிடித்ததை எறியுங்கள். கோது நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்துத் துணியில் கட்டி ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் பிழிந்து வடித்து, சவர்க்காரம் ஒரு மில்லி சேர்த்து அன்று பின்னேரமே அடியுங்கள். கிழமைக்கு ஒரு தரம், மழை பெய்து கழுவினால் திரும்பவும்.