செத்துப்போன எஸ்எஸ்டியை வாரண்டிக்கு அனுப்பினால், உள்ளே இருக்கும் என் சொந்தக் கோப்புகளை யாராவது எடுக்க முடியுமா?

முடியும் என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள். உங்கள் கணினிக்கு டிரைவ் தெரியவில்லை என்பதற்காக அதற்குள் இருந்தது போய்விட்டதாக ஆகாது. இப்படித் திடீரென்று காணாமல் போகும் எஸ்எஸ்டியில் பல நேரம் கெட்டிருப்பது டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப், அதற்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள், அல்லது மின்சாரம் கொடுக்கும் ஒரு சின்னப் பாகம். கோப்புகள் இருப்பதோ ஃபிளாஷ் சிப்புகளில். கதவு இறுகிக்கொண்டது, வீட்டுக்குள் சாமான் அப்படியே இருக்கிறது. கதவைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் உள்ளே போய்விடலாம்.

எனக்கும் இதே நிலைமை வந்தது. இரவு அணைத்து வைத்த மடிக்கணினி காலையில் எழவில்லை. கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையில் டிரைவின் பெயரே இல்லை. அதில் அம்மாவின் மருத்துவ அறிக்கைகள், வங்கிக் கணக்கு விவரங்கள், யாருக்கும் காட்ட விரும்பாத பல வருடக் கடிதங்கள் எல்லாம் இருந்தன. வாரண்டி மிச்சம் இருந்தது. பழையதை அனுப்பினால்தான் புதியது தருவோம், வேண்டுமானால் அழித்துவிட்டு அனுப்புங்கள் என்றார்கள் டிரைவ் நிறுவனத்தார். எதை வைத்து அழிப்பது? டிரைவ் முழுவதையும் துடைக்கும் செக்யூர் இரேஸ் கட்டளையை வாங்கிச் செயல்படுத்த வேண்டியதே அந்தக் கன்ட்ரோலர்தான்.

ஆனாலும் செத்தது என்று முடிவுகட்டுவதற்கு முன் வேறு கேபிள், வேறு ஸ்லாட், வேறு கணினி என்று மாற்றிப் பாருங்கள். டேட்டா கேபிள் இல்லாமல் மின்சாரம் மட்டும் கொடுத்து அரை மணி நேரம் விட்டும் பார்க்கலாம். திடீரென்று கரண்ட் போனதால் உள் அட்டவணை குழம்பிய சில டிரைவ்கள் இதில் மீண்டு வருவதுண்டு. மீண்டு வந்தால் உடனே முக்கியமானதை நகலெடுங்கள். அப்புறம் அழியுங்கள்.

அழிப்பதிலும் ஒரு விஷயம். பழைய ஹார்ட் டிஸ்க் போல மேலே மேலே எழுதினால் போதாது. தேய்மானத்தைப் பரப்புவதற்காக கன்ட்ரோலர் புதியதை வேறு இடத்தில் எழுதிவிடும். பழையது கண்ணுக்குத் தெரியாத உபரிப் பகுதியில் தங்கலாம். சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் இதைச் சோதித்தார்கள். முழு டிரைவையும் இரண்டு முறை மேலெழுதுவது பெரும்பாலும் போதுமானதாக இருந்தது, ஆனால் எப்போதும் இல்லை. ஒரு கோப்பை மட்டும் அழிக்கும் முறைகள் ஒன்றுகூடத் தேறவில்லை. அதனால் டிரைவ் உயிரோடு இருக்கும்போது செக்யூர் இரேஸ் அல்லது அதே வேலையைச் செய்யும் சானிடைஸ் கட்டளையைத்தான் நான் நம்புவேன். இன்னொரு வகையும் உண்டு: தேய்ந்துபோய், படிக்க மட்டும் விடும் டிரைவ். ஃபார்மட் முடிந்தது என்று காட்டும், மறுபடி இயக்கினால் கோப்புகள் திரும்பி நிற்கும். அதையும் அழிக்க முடியாத டிரைவாகவே கருதுங்கள்.

சரி, எதற்கும் அசையவில்லை. அப்போது ஒரே கேள்விதான்: விண்டோஸின் பிட்லாக்கர், மேக்கின் ஃபைல்வால்ட், லினக்ஸின் லக்ஸ் போல, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி கோப்புகளை என்கிரிப்ட் செய்யும் மென்பொருள் ஏதாவது ஒன்று முழு டிரைவுக்கும் இயங்கிக்கொண்டிருந்ததா? ஆம் என்றால் தைரியமாக அனுப்புங்கள். சாவி இல்லாமல் சிப்பைப் பெயர்த்தாலும் பயனில்லை. 'டிரைவே தானாக என்கிரிப்ட் செய்யும்' என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். 2018-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில மாடல்களில் அந்தப் பூட்டைச் சரியான கடவுச்சொல் இல்லாமலே திறந்து காட்டினார்கள். அடுத்த ஆண்டே பிட்லாக்கர் டிரைவின் என்கிரிப்ஷனை விட்டுவிட்டு மென்பொருள் என்கிரிப்ஷனை இயல்பாக்கியது.

என்னுடையதில் எதுவும் போடவில்லை. ஒரு டிரைவின் விலையையும் அம்மாவின் அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தேன். வாரண்டியை விட்டுவிட்டேன். இன்றும் அது சரி என்றே நினைக்கிறேன்.

அதன் பிறகு டிரைவை உடைத்தேன். காந்தம் ஃபிளாஷை ஒன்றும் செய்யாது. இரண்டரை அங்குல டிரைவுக்கு வெளியிலிருந்து ஆணி அடிப்பதும் நம்பத்தக்கதல்ல. பல டிரைவ்களில் போர்டு பெட்டியின் பாதியைக்கூட நிரப்பாது, ஆணி வெறும் இடத்தில் இறங்கிவிடும். பெட்டியைத் திறந்து, போர்டின் இரண்டு பக்கத்திலும் உள்ள கருப்புச் சிப்புகளை ஒவ்வொன்றாக நொறுக்குங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எரிக்காதீர்கள், நச்சுப்புகை வரும். மிச்சம் மின்கழிவுக்கு.

ஒருவேளை ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? பிரௌசரில் சேமித்திருந்த கடவுச்சொற்களும், உள்நுழைந்தபடியே விட்ட கணக்குகளும் அந்த டிரைவோடு போயிருக்கின்றன. இன்றே வேறொரு கணினியிலிருந்து முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி என்ற வரிசையில் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் தேர்வையும் அழுத்திவிடுங்கள்.