எண்ணெய் மருந்தா, நீரில் கரையும் மருந்தா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 62. சாப்பிட உட்காரும்போதெல்லாம் வலது தாடைக்கு அடியில் நெல்லிக்காய் அளவு வீங்கி, சற்று நேரத்தில் வடிந்துவிடுகிறது. உமிழ்நீர்க் குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று கோயம்புத்தூரில் சொல்லியிருக்கிறார்கள். அதில் எண்ணெய் மருந்து, நீர் மருந்து என இரண்டு வகை உண்டாமே, எது நல்லது? மீன் சாப்பிட்டால் அவருக்குத் தடிப்பு வரும். அயோடின் ஆகாதோ என்றும் பயமாக இருக்கிறது.
— வாசகி, கோத்தகிரி

பதில்: நீரில் கரையும் மருந்தே உங்கள் தாயாருக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. லிப்பியோடால் என்னும் எண்ணெய் மருந்து, கசகசா எண்ணெயோடு அயோடினைச் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. குழாய்களைப் பளிச்சென்று வெண்மையாகக் காட்டுவதால் முன்பு பலரும் அதை விரும்பினார்கள். ஆனால் அது பிசுபிசுப்பானது என்பதால் அழுத்திச் செலுத்த வேண்டியிருக்கும், வலியும் கூடும். அழுத்தம் மிஞ்சிச் சுற்றியுள்ள திசுவுக்குள் கசிந்துவிட்டால், மாதக்கணக்கில் அங்கேயே தங்கி அழற்சிக் கட்டியை உண்டாக்கக்கூடும். அயோஹெக்ஸால் போன்ற நீர் மருந்து கசிந்தாலும் உடல் அதை உறிஞ்சிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். நுண்ணிய கிளைக் குழாய்களுக்குள்ளும் எளிதாகப் பாயும். வெண்மை சற்றுக் குறைவு, விரைவில் வடிந்தும்விடும் என்பதால், மருந்து உள்ளே செல்லும்போதே படம் எடுப்பார்கள். தேவைப்படுவது ஏறத்தாழ 1 மில்லிலிட்டர்தான்.

குழாயின் வாய் நாக்கின் அடியில் குண்டூசி முனை அளவே இருக்கும். அது கண்ணில் படாவிட்டால் நாக்கில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவார்கள். உமிழ்நீர் துளிர்க்கும் இடம்தான் வாசல். படம் முடிந்தபின், மருந்தை வெளியேற்றவும் அதே எலுமிச்சைதான்.

மருந்து செலுத்துவதற்கு முன் சாதாரண எக்ஸ்ரே எடுத்தார்களா என்று அவசியம் கேளுங்கள். சாப்பிடும்போது இப்படி வீங்கி வடிவதற்கு, உமிழ்நீர்க் குழாயை அடைக்கும் கல் காரணமாக இருக்கலாம். தாடைக்கு அடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் உண்டாகும் கற்களில் பெரும்பாலானவை சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரியும். முதலிலேயே மருந்தை நிரப்பினால் அந்த வெண்மையில் கல் மறைந்துவிடலாம். அதிலோ அல்ட்ராசவுண்டிலோ கல் தெளிவாகத் தெரிந்துவிட்டால், இந்தப் பரிசோதனையே தேவைப்படாமலும் போகலாம்.

மீன் ஒவ்வாமை, மீனிலுள்ள புரதத்தால் வருவது, அயோடினால் அன்று. ஆகவே அது தடையில்லை. ஆனால், முன்பு சி.டி. ஸ்கேனுக்குப் போட்ட மருந்தால் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தாலும், தைராய்டு கோளாறு இருந்தாலும் கட்டாயம் சொல்லுங்கள். புறப்படும் நாளில் காய்ச்சலோ, வீக்கத்தில் சிவப்போ, வாயில் சீழோ இருந்தால், செலுத்தும் மருந்து கிருமியைச் சுரப்பிக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிவிடும் என்பதால், மலையிறங்குவதற்கு முன்பே தொலைபேசியில் தெரிவித்து வேறு நாள் வாங்கிக்கொள்ளுங்கள்.