பழைய ஒப்பந்தம் இருக்கும்போது புதியவருக்கு வீட்டை விற்கலாமா?

கேள்வி: கோத்தகிரி அருகே என் கணவர் கட்டிய வீட்டை, அவர் காலமான பிறகு விற்க முயன்று வருகிறேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ‘யோசித்துச் சொல்கிறோம்’ என்றே போனார்கள். கடைசியில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் 58 லட்சம் ரூபாய்க்குப் பேசி முடித்து, 6 லட்சம் முன்பணத்தை வங்கி மூலம் கொடுத்தார். 2024 பிப்ரவரியில் நானும் மகனும் மகளும் கையெழுத்திட்டு, கிரய ஒப்பந்தம் பதிவானது. கெடு 11 மாதம். வெள்ளையடிக்க வேண்டும் என்று சாவியையும் வாங்கிக்கொண்டார். கெடு முடிந்தும் கிரயம் செய்யவில்லை. ‘மார்க்கெட் படுத்துவிட்டது, 8 லட்சம் குறைத்தால் பார்க்கலாம்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். இப்போது இன்னொருவர் 52 லட்சத்துக்கு உடனே வாங்கத் தயாராக இருக்கிறார். முதலாமவரின் முன்பணத்தை வைத்துக்கொண்டு இவருக்கு விற்கலாமா?

பதில்: அம்மா, புதியவருக்கு விற்க வழி இருக்கிறது. ஆனால் பழைய ஒப்பந்தத்தைத் தீர்க்காமல் விற்றால், நீங்களும் அவரும் சேர்ந்து வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள்.

மலையில் வீடு வாங்க வருபவர் பெரும்பாலும் சமவெளிக்காரர். அவருக்கு இது இரண்டாவது வீடு, அவசரமே இல்லை. அவசரம் விற்பவருக்குத்தான். விலை ஏறினால் வாங்கிக்கொள்ளலாம், இறங்கினால் பேரம் பேசலாம் என்று ஒரு சிறு முன்பணத்தைப் போட்டு உங்கள் வீட்டைக் கட்டிப்போட்டிருக்கிறார். இது எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது. ஆனால் ஆத்திரப்பட்டு அவசரமாகக் கிரயம் எழுதிவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதனால் உங்கள் ஒப்பந்தம், சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கும். ஒப்பந்தம் மட்டும் அவருக்கு வீட்டில் எந்த உரிமையும் தராது; சொத்து மாற்றுச் சட்டம் 54ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் ‘ஒப்பந்தப்படி கிரயம் செய்து கொடு’ என்று வழக்குப் போட, கெடு முடிந்த நாளிலிருந்து அவருக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அதாவது 2028 ஜனவரி வரை. வில்லங்கச் சான்றில் இருப்பதைத் தெரியாது என்று புதியவர் சொல்ல முடியாது. அவர் மீதும் அந்த வழக்கு பாயும். அவருடைய வழக்கறிஞர் சான்றைப் பார்த்த மறு நிமிடம் பின்வாங்கச் சொல்வார்.

முதலாமவரின் கை வலுவானதா என்றால், இல்லை. ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்குகளுக்கான சட்டத்தில் (Specific Relief Act) 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இவ்வகை வழக்குகள் வாங்குபவருக்குச் சாதகமாகிவிட்டன என்று பலர் பயமுறுத்துவார்கள். ஆனால் ஒப்பந்த நாள் முதல் தான் தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை அவர் நிரூபித்தாக வேண்டும் என்ற விதி அப்படியேதான் இருக்கிறது. கெடு முடிந்த பிறகு 8 லட்சத்தைக் குறைக்கச் சொன்னவர், 58 லட்சத்துக்கு வாங்கத் தயாராக இருந்தேன் என்று எந்த வாயால் சொல்வார்? அந்த வாட்ஸ்அப் செய்திதான் உங்களிடம் உள்ள சிறந்த ஆவணம். அதை அழிக்காதீர்கள், அந்த போனை மாற்றாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். நீதிமன்றத்தில் காட்டும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதை உங்கள் வழக்கறிஞர் தயாரித்துக் கொடுப்பார்.

இப்போது செய்ய வேண்டியது, ஸ்பீட் போஸ்ட்டில், பதிவு வசதியும் ஒப்புகையும் சேர்த்து ஒரு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புவது. ‘நாங்கள் தயார், இந்தத் தேதியில், இத்தனை மணிக்கு மீதிப் பணத்துடன் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வாருங்கள், வராவிட்டால் ஒப்பந்தம் ரத்து’ என்று அதில் இருக்க வேண்டும். அசையாச் சொத்து விற்பனையில் கெடு தாண்டினாலே ஒப்பந்தம் தானாகச் செத்துவிடாது. அதனால்தான் இந்த இறுதி வாய்ப்பு. அன்று நீங்கள் மூவரும் அசல் பத்திரங்களுடன் உண்மையிலேயே அங்கே போய் இருங்கள், போனதற்கு ஆதாரமும் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே நீதிமன்றத்தில் ஒரு கேவியட் மனுவும் போட்டுவையுங்கள். 90 நாட்களுக்கு, உங்களைக் கேட்காமல் தடையுத்தரவு வாங்குவதை அது தடுக்கும்.

முன்பணம் பற்றி என் கருத்து உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பறிமுதல் செய்ய ஒப்பந்தத்தில் தெளிவான வாசகம் வேண்டும். இருந்தாலும் நியாயமான அளவுதான் என்று பின்னால் வாதாட வேண்டி வரும். வைத்துக்கொள்ளும் பணத்துக்கு வருமான வரியும் உண்டு. அறிவிப்பில் ரத்து என்று எழுதினாலும், பதிவான ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நீங்கள் மட்டும் போய் ரத்து செய்ய இயலாது. பொதுவாக இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்துக்காகத்தான் 6 லட்சத்தைக் கொடுக்கச் சொல்கிறேன். அலைந்ததற்கும் இழந்ததற்கும் ஒன்றோ இரண்டோ லட்சத்தைக் கழித்துப் பேசிப் பாருங்கள். அதற்காகப் பேச்சை முறித்துக்கொள்ளாதீர்கள். புதியவர் தரும் தொகையிலிருந்தே முதலாமவர் பெயரில் ஒரு வங்கி டிராப்ட் எடுத்து, ரத்து ஆவணமும் புதிய கிரயமும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பதிவாகும்படி ஏற்பாடு செய்யுங்கள். ரத்து பதிவாகாமல் டிராப்ட் கைமாறக் கூடாது.

சாவி விஷயம் இதைவிட அவசரம். ஒப்பந்தத்தில் ‘சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டது’, அதாவது வீடு அவர் கைவசம் தரப்பட்டது, என்ற வரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், தன்னை வெளியேற்றக் கூடாது என்று சொத்து மாற்றுச் சட்டம் 53-ஏ பிரிவின் பாதுகாப்பை அவர் கோரிப் பார்ப்பார். இல்லையென்றால், வேலைக்காக மட்டும் தந்த சாவி என்பதை அறிவிப்பிலேயே எழுதித் திரும்பக் கேளுங்கள். பூட்டை உடைக்க வேண்டாம்.

இனி புதியவரின் 52 லட்சம். நிலத்துக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பும், கட்டடத்துக்குப் பரப்பு, வகை, வயதைப் பார்த்துப் போடும் மதிப்பும் சேர்ந்து 60 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் 60 லட்சத்துக்குத்தான் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும், அதாவது 5,40,000 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். உங்களுக்கும் சிக்கல் உண்டு: மதிப்பு விற்பனை விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடினால், கைக்கு வராத 60 லட்சத்தை வைத்தே மூலதன ஆதாயம், அதாவது வரி விதிக்கப்படும் விற்பனை லாபம், கணக்கிடப்படும். 52 லட்சத்துக்கு எல்லை 57.2 லட்சம், தாண்டுகிறது. 55 லட்சமென்றால் 60.5, தப்பிக்கலாம். ஆகவே இந்த மூன்று லட்சத்துக்குப் பேரம் பேசுவதில் பொருள் இருக்கிறது. கட்டடத்தின் சரியான வயதைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். பழைய வீட்டுக்குத் தேய்மானம் கழிப்பார்கள், மதிப்பும் குறையும். மதிப்பு இறங்கவேயில்லை என்றால், வருமான வரித் துறையின் மதிப்பீட்டு அலுவலருக்கு அனுப்பும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

வித்தியாசத்தை ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொன்னால் கேட்காதீர்கள். வீடு விற்கையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது தடை. வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம்.

புதியவரிடம் இப்போதைக்கு எந்த முன்பணமும் பெறாதீர்கள், ஒப்பந்தமும் போடாதீர்கள். பழைய ஒப்பந்தத்தின் நகலை அவரிடமே கொடுத்து, ரத்து பதிவாகும்வரை சில வாரங்கள் பொறுக்க முடியுமா என்று நேராகக் கேளுங்கள். வாரிசுச் சான்று, உங்கள் பெயருக்கு மாறிய பட்டா, கட்டட அனுமதி, சாலையிலிருந்து வீட்டுப் படிக்கட்டு வரைக்குமான வழிப்பாதை உரிமையைச் சொல்லும் தாய்ப்பத்திரம் ஆகியவற்றை அதற்குள் ஒரு கோப்பில் சேர்த்துவிடுங்கள்.