ஆம்புலன்ஸ் எங்கே நிற்க வேண்டும்?

கேள்வி: பல்லாயிரம் பேர் ஓடவிருக்கும் மாரத்தான் ஒன்றின் ஏற்பாட்டுக் குழுவில் மருத்துவப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். எட்டு ஆம்புலன்ஸ்களும் இருபது மருத்துவர்களும் வர இசைந்துள்ளனர். இது போதுமா?

பதில்: எண்ணிக்கையைச் சொல்லியிருக்கிறீர்கள், அவர்கள் எங்கே நிற்பார்கள், யார் சொல்லி நகர்வார்கள் என்பதைச் சொல்லவில்லை. இதயம் திடீரென நின்றுபோனவருக்கு நெஞ்சழுத்த முதலுதவியும் இல்லாமல், மின்னதிர்ச்சியும் தாமதமானால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் ஆட்டத்தின் நடுவே சரிந்த டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சனை, மைதானத்திலேயே மின்னதிர்ச்சி கொடுத்து மீட்டார்கள். ஆனால் கால்பந்து மைதானம் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடும். 42 கிலோமீட்டர் சாலை அடங்காது. அதிலும் ஓடுபவர்கள் வரிசை வரிசையாக வந்துகொண்டிருக்கும்போது ஆம்புலன்ஸால் சாலையைக் குறுக்கே கடக்க முடியாது என்பதால், பாதையின் இரு பக்கங்களிலும் தனித்தனியே வண்டிகளை நிறுத்தி, இடைப்பட்ட தூரத்துக்கு, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிபிரிலேட்டர் கருவியுடன் சைக்கிளில் செல்லும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை அமர்த்துங்கள். இதயம் நின்றுபோகும் நிகழ்வுகள் பெரும்பாலும் ஓட்டத்தின் கடைசிக் கால்பகுதியில்தான் நேர்கின்றன. ஆகவே ஆட்களைச் சமமாகப் பங்கிடாமல், அங்கும் ஓட்டம் முடியும் எல்லைக்கோட்டிலும் கூடுதலாக நிறுத்துங்கள்.

வெப்பத் தாக்கத்தில் மட்டும் நம் வழக்கமான அவசரம் தவறாகிவிடும். உடலின் உள் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, நினைவும் தடுமாறுகிறவரை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு விரட்டுவதற்கு முன்பாக, பனிக்கட்டி மிதக்கும் நீர்த்தொட்டியில் கழுத்தளவு அமிழ்த்தி, அரை மணி நேரத்துக்குள் 39 டிகிரிக்குக் கீழே கொண்டுவர வேண்டும். முதலில் குளிர்விப்பு, பிறகே பயணம். நெற்றியிலோ அக்குளிலோ வைக்கும் வெப்பமானி இங்கே ஏமாற்றிவிடும். மலக்குடல் வழியாக அளப்பதே நம்பகமானது. அதற்கென ஒரு மறைப்பையும் மருத்துவக் கூடாரத்துக்குள் அமைத்துவிடுங்கள், இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கட்டளை ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். மருத்துவம், காவல், ஆம்புலன்ஸ் ஆகிய மூன்று தரப்பினரும் ஒரே கட்டுப்பாட்டு அறையில் அருகருகே அமரட்டும். பாதை நெடுகிலும் கம்பங்களுக்கு எண் எழுதிவிட்டால், "பாலத்துக்குப் பக்கத்தில்" என்று எவரும் வாக்கி-டாக்கியில் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். சுற்றியுள்ள மருத்துவமனைகளுக்கு முன்கூட்டியே தகவல் தந்து, யாரை எங்கே அனுப்புவது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் குண்டுகள் வெடித்து மூவர் இறந்தபோதும், மருத்துவமனைக்கு உயிருடன் கொண்டுசெல்லப்பட்ட அனைவரும் பிழைத்தார்கள். ஓடிக் களைத்தவர்களுக்காக எல்லைக்கோட்டருகே அமைத்த கூடாரமும், காயமடைந்தவர்களைப் பல மருத்துவமனைகளுக்குப் பிரித்தனுப்பியதும் அதற்குப் பெரிதும் உதவின.

ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதையும் இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2007 அக்டோபரில் சிகாகோ மாரத்தானைக் கடும் வெப்பத்தால் பாதியிலேயே நிறுத்தினார்கள். விளம்பரதாரர்கள் மேடையில் அமர்ந்திருக்கும் காலை வேளையில் அப்படியொரு முடிவைப் புதிதாக விவாதிக்கத் தொடங்கினால் அது நிறைவேறாது.

கேள்வி: ஓடுபவர்கள் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நல்லதுதானே?

பதில்: இல்லை. தாகத்துக்கு மீறி மணிக்கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் சரிந்து, மூளை வீங்கி, வலிப்பும் மரணமும்கூட நேரலாம். குழப்பத்துடன் வாந்தியெடுப்பவரை நீரிழப்பு என்று எண்ணி உடனே சலைன் ஏற்றுவது நிலையை மோசமாக்கக்கூடும். சோடியத்தை அந்த இடத்திலேயே அளக்கும் சிறு கருவி கூடாரத்தில் இருக்கட்டும். அளவு தெரிந்த பிறகு மருத்துவர் ஊசியை எடுக்கட்டும்.