ஒன்பது நாள், ஆறு நாடு, அரை நிமிஷ மோனாலிசா

கேள்வி: போன மே மாதம் மனைவியுடன் ஒன்பது நாள் ஐரோப்பா டூர் போய்வந்தேன். ஆளுக்கு இரண்டேமுக்கால் லட்சம். மோனாலிசா படம் நம் வீட்டு மாதக் காலண்டர் அளவுகூட இல்லை. பிரஸ்ஸல்ஸில் ஒன்றுக்குப் போகிற பையன் சிலையை விட எங்கள் கொலுவில் பெரிய பொம்மை இருக்கிறது. பைசா கோபுரம் சாய்ந்திருக்கிறது, சரி, அப்புறம்? வெனிஸில் வெயில், வாடை, கூட்டம். 'பேரு பெத்த பேரு, தாக நீலு லேது' கதைதான். இப்படி ஏமாற்றுகிற இடங்களை எல்லாம் பட்டியல் போட்டு உங்கள் பத்திரிகையில் வெளியிட்டால் பல பேருக்குப் பணம் மிஞ்சுமே? என்னுடைய குறைகளைப் பதினொன்றாக வரிசைப்படுத்தி இத்துடன் வைத்திருக்கிறேன்.
— ஒரு ஜவுளி ஏற்றுமதியாளர், கரூர்

பதில்: ஒன்பது நாளில் ஆறு நாடு என்று ஒரு பட்டியலை வாங்கிக்கொண்டு போய்த்தான் நொந்து வந்திருக்கிறீர்கள். அந்தக் காய்ச்சலுக்கு மருந்தாக இன்னொரு பட்டியலா? மாட்டேன். ஆனால் உங்கள் நாலு பக்கக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பதினொரு குறைகளில் சிலது நியாயம், சிலது அரை நியாயம். ஒன்றை மட்டும் ஏற்கவே முடியாது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் காலண்டர் கணக்கை முடிப்போம். மோனாலிசா 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம். அங்குலத்தில் சுமாராக 30க்கு 21. நகைக்கடையில் தருகிற பெரிய மாதக் காலண்டர் 30க்கு 20. அந்தக் கணக்கில் மோனாலிசாதான் ஓர் அங்குலம் கூடுதல். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, குண்டு துளைக்காத கண்ணாடி வழியாக, தலைக்கு மேல் தூக்கிய நாற்பது செல்போன்களின் இடுக்கில் பார்த்தால் எங்கள் ஆபீஸ் காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்றுகூடத் தெரியாது.

கூட்டம் பற்றிய குறை முழு நியாயம். அது இருக்கிற பாரிஸ் லூவ்ர் மியூசியத்துக்கு 2024இல் 87 லட்சம் பேர் வந்தார்கள். மோனாலிசா மாட்டியிருக்கும் ஹாலுக்கு மட்டும் நாளுக்கு சுமார் 20,000 பேர். சமாளிக்க முடியாமல், அதற்குத் தனி இடமும் தனி டிக்கெட்டும் வரும் என்று 2025 ஜனவரியில் பிரெஞ்சு அதிபர் மக்ரோனே அறிவித்தார்.

ஆனால் கூட்டத்தால்தான் ஏமாற்றம் என்றால் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. திருப்பதிக்குப் போயிருப்பீர்கள். கம்பார்ட்மெண்டில் அடைத்துப் பத்து மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். உள்ளே போனால் 'ஜருகண்டி, ஜருகண்டி'. கண்ணை விரித்து மூடுவதற்குள் ஒரு கை தோளைப் பிடித்து நகர்த்திவிடுகிறது. திரும்பி வந்து யாராவது "பெருமாள் ரொம்ப தூரத்தில் இருக்கிறார், சின்னதாகத் தெரிகிறார், ஏமாற்றம்" என்று எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்களா? முப்பது வருஷமாக இந்தப் பக்கத்தைப் பார்க்கிறேன், ஒன்றுகூட வந்ததில்லை. அடுத்த வருஷமும் போகிறார்கள். மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்த நாளிலிருந்து அந்த இரண்டு வினாடிக்கான வேலை வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது. மோனாலிசாவுக்காக நீங்கள் வீட்டில் என்ன முடிந்து வைத்தீர்கள்? படத்தில் இருப்பது யார் என்றாவது பஸ்ஸில் சொன்னார்களா?

சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். உங்களுக்கு இது கொஞ்சம் வேண்டிய விஷயம். அந்த அம்மாள் பெயர் லிசா கெரார்தினி. கணவர் பிரான்செஸ்கோ தெல் ஜொகொண்டோ, ஃபிளாரன்ஸ் நகரத்துப் பட்டு வியாபாரி. அதாவது உங்கள் தொழில்காரர் வீட்டுப் பெண். 1503 வாக்கில் லியோனார்டோ டாவின்சி இதை ஆரம்பித்தார். ஆர்டர் எடுத்தாரே தவிர டெலிவரி கொடுக்கவில்லை. வருஷக்கணக்கில் தொட்டுத் தொட்டு வேலை பார்த்தார், கடைசிக் காலத்தில் பிரான்சுக்குப் போனபோது கூடவே எடுத்துப் போனார், 1519இல் அங்கேயே இறந்தார். படம் அந்த ஜவுளிக்காரர் வீட்டுச் சுவருக்கு வந்து சேரவே இல்லை. சரக்கு வராத பார்ட்டியின் மனநிலை கரூர்க்காரருக்குத் தெரியாதா? அதை நினைத்துக்கொண்டு அந்த அரை நிமிஷம் நின்றிருந்தால் உங்கள் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இந்தப் பேர் எப்படி இவ்வளவு பெரிதானது என்பதும் ஒரு கதை. ஓவியம் தெரிந்தவர்களுக்கு அது முன்பே பெரிய படம்தான். ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்தது 1911 ஆகஸ்டில் அது திருட்டுப் போன பிறகு. வின்சென்சோ பெருஜியா என்ற இத்தாலிய வேலையாள் சுவரிலிருந்து கழற்றி எடுத்துப் போய்விட்டான். எல்லா ஊர்ப் பேப்பரிலும் அந்த முகம் வந்தது. 1913 டிசம்பரில் ஃபிளாரன்ஸில் விற்கப் பார்த்தபோதுதான் பிடிபட்டான். இடையில் லூவ்ரில் என்ன நடந்தது தெரியுமா? படம் மாட்டியிருந்த வெற்றுச் சுவரைப் பார்க்க ஜனம் கூடியது. ஆணி மட்டும் இருந்தது. அந்தக் கூட்டத்தில் 'சைஸ் சின்னது' என்று யாரும் குறை சொல்லியிருக்க வழியில்லை.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஹாலில் திரும்பிப் பார்த்தீர்களா? மோனாலிசாவுக்கு நேர் எதிர்ச்சுவரில் வெரோனெசே வரைந்து 1563இல் முடித்த ஒரு கல்யாணப் பந்தி இருக்கிறது. கிட்டத்தட்ட 6.8 மீட்டர் உயரம், 10 மீட்டர் அகலம். லூவ்ரிலேயே பெரிய ஓவியம் அதுதான். பைபிளில் வரும் கானா ஊர்க் கல்யாணம். பந்தி பாதியில் இருக்கும்போது திராட்சை ரசம் தீர்ந்துபோய்விடுகிறது. நம் ஊரில் இரண்டாம் பந்திக்கு சாம்பார் இல்லை என்றால் பெண்வீட்டார் முகம் எப்படி இருக்கும், அந்தக் கட்டம். இயேசு தண்ணீரை ரசமாக்கி மானத்தைக் காப்பாற்றுகிறார். நூறு பேருக்கு மேல் உட்கார்ந்தும் நின்றும் இருக்கிறார்கள், நடுவில் கச்சேரி, மேஜையடியில் நாய். வெனிஸில் ஒரு மடத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்காக வரைந்தது, 1797இல் நெப்போலியனின் படை கழற்றிக் கொண்டுவந்துவிட்டது. நாளுக்கு 20,000 பேர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு காலண்டரைப் பார்க்கிறார்கள். பெரிய படம் வேண்டும் என்று ஆசைப்பட்டது நீங்கள்தானே?

பிரஸ்ஸல்ஸ் பையன் விஷயத்தில் நிலைமை நீங்கள் நினைப்பதைவிட மோசம். உயரம் 55 சென்டிமீட்டர் சொச்சம் என்பது இருக்கட்டும். நீங்கள் பார்த்தது அசலே இல்லை. 1619இல் வார்த்த வெண்கலப் பையன் சில நிமிஷ நடையில், கிராண்ட் பிளேஸ் சதுக்கத்து மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறான். தெருமுனையில் நிற்பது 1965இல் வைத்த நகல். நம் பாஷையில், மூலவர் உள்ளே, நீங்கள் சேவித்தது உற்சவர். உற்சவருக்கு அலங்காரமும் உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உடுப்புகள் வைத்திருக்கிறார்கள், அவற்றுக்கு 2017இல் தனி மியூசியமே திறந்தார்கள். நீங்கள் போன அன்று அவன் வெறும் உடம்போடு நின்றான் என்றால் அது உங்கள் ராசி.

சில இடங்கள் பிறவியிலேயே சுற்றுலாவுக்காகச் செய்தவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சிங்கத் தலையும் மீன் உடம்புமான சிங்கப்பூரின் மெர்லயனுக்குப் பின்னால் புராணம் எதையும் தேடாதீர்கள். 1964இல் சுற்றுலா வாரியத்தின் சின்னமாக வரையப்பட்ட லோகோ அது. 1972இல் சிலையானது. இத்தாலியில் வெரோனா நகரத்தில் ஜூலியட் நின்ற பால்கனி என்று ஒன்றைக் காட்டுவார்கள். ஜூலியட்டோ ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வந்த பெண், பால்கனி 1930களில் அந்த வீட்டில் பொருத்தியது. கீழே நிற்கும் ஜூலியட்டின் வெண்கலச் சிலையைத் தொட்டால் காதல் கைகூடும் என்று எல்லாரும் தொட்டுத் தொட்டுத் தேய்த்ததில் அது பழுதாகி, 2014இல் நகல் வைத்தார்கள். அதையும் தேய்க்கிறார்கள். இங்கெல்லாம் ஏமாந்தேன் என்றால் நான் உங்கள் கட்சி.

பைசாவை நீங்கள் ஒரே வரியில் தள்ளியதால் நானும் அதிகம் பேசவில்லை. 1173இல் கட்ட ஆரம்பித்து, மெத்தென்ற மண்ணில் ஒரு பக்கம் இறங்கி, சண்டைகளால் வேலை நூறு வருஷம் போல நின்று போனது. அந்த இடைவெளியில் மண் இறுகியதால்தான் கோபுரம் விழாமல் தப்பியது என்கிறார்கள். நம் ஊரில் பாதியில் நிற்கும் மேம்பாலங்களுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. வெனிஸில் கொண்டோலா என்கிற துடுப்புப் படகு அரை மணிக்கு 90 யூரோ, 'பகல் கொள்ளை' என்று எழுதியிருக்கிறீர்கள். 2023 நவம்பரிலிருந்து அதுதான் நகராட்சி நிர்ணயித்த பகல் ரேட், படகுக்குத்தான், தலைக்கு இல்லை. அதே ஜாதிப் படகில் பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்க 2 யூரோ போதும். 'திராகெத்தோ' என்பார்கள், பரிசல் மாதிரி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வருவது. இதை உங்கள் டூர் மேனேஜர் சொல்லாததற்கு நான் என்ன செய்ய?

நாலாவது குறைக்கு வருகிறேன்: 'டிரைவர் அடிக்கடி பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி முக்கால் மணி நேரம் வீணடித்தார்.' அவர் வீணடிக்கவில்லை. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு, சாதாரணமாக நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது ஐரோப்பிய யூனியன் சட்டம். வண்டியில் உள்ள கருவி எல்லாவற்றையும் பதிந்துகொண்டே வரும். உங்கள் பயணத்தின் கதையே இங்கேதான் இருக்கிறது. எந்த ஊரில் எவ்வளவு நேரம் என்பது, டிரைவரின் 9 மணி நேரத்தில் மிஞ்சியது எவ்வளவு, பெரிய பஸ் எங்கே நிற்கலாம், இரவு இந்தியச் சாப்பாடு எந்த ஊரில் புக் ஆகியிருக்கிறது என்ற மூன்றையும் கூட்டிக் கழித்துப் போட்டது. மோனாலிசாவுக்கு அரை நிமிஷம் கொடுத்தது லியோனார்டோ இல்லை, ராத்திரி ஏழரைக்கு ஆறிப்போகும் பருப்பும் சப்பாத்தியும்.

இதைச் சொல்ல எனக்குப் பெரிய யோக்கியதை கிடையாது. கொடைக்கானலில் டாக்ஸி ஸ்டாண்டில் 'பன்னிரண்டு பாயிண்ட், அரை நாள்' என்று பேசி ஏறியவன்தான் நானும். தூண் பாறையில் மூடுபனி. தற்கொலைப் பாறை என்ற பழைய பெயரை மாற்றி பசுமைப் பள்ளத்தாக்கு என்று வைத்திருந்தார்கள், அங்கேயும் மூடுபனி. வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, பட்டாணி சுண்டல் தின்று, "அடுத்த பாயிண்ட் எது?" என்று கேட்டேன். வழி நெடுக சோலைக்காட்டுக்குள் ஏதோ பறவை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அது பாயிண்ட் இல்லையாம், டிரைவர் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

இப்போது ஏற்கமுடியாத அந்தக் குறை. உங்கள் வரிசையில் ஏழாவது. அப்படியே தருகிறேன்: '(ஆஸ்திரியாவின்) இன்ஸ்புருக்கைத் தாண்டி பஸ் பழுதாகி, பெயர் தெரியாத கிராமத்தில் இரண்டு மணி நேரம் வீண். பார்க்க ஒன்றும் இல்லை. மாடுகள் மட்டும். என் மனைவி வேலி ஓரம் போய், அங்கே நின்ற ஒரு கிழவரோடு ஜாடையில் பேசிக்கொண்டிருந்தாள். மாட்டு மடியைக் காட்டி ஏதோ கேட்டாள், அவர் விரலை விரித்து ஏதோ சொன்னார், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். கூப்பிடக் கூப்பிட வரவில்லை. டூர் மேனேஜர் மன்னிப்புக் கேட்டு ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.'

நாலு பக்கத்தில் மனிதர்கள் சிரித்ததாக நீங்கள் எழுதியிருக்கும் ஒரே இடம் இதுதான். இதற்கு மன்னிப்புக் கேட்ட டூர் மேனேஜரை என்ன சொல்வது? மற்றப் பத்துக்கும் நீங்கள் நஷ்டஈடு கேட்டு எழுதுங்கள், முகவரி வேண்டுமானால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தினுடையதைத் தருகிறேன். இந்த ஏழாவதை மட்டும் அடித்துவிடுங்கள்.

அதோடு, உங்கள் மனைவியிடம் கேட்டு எழுதுங்கள்: அந்தக் கிழவர் எத்தனை விரல் காட்டினார்? அது ஒரு வேளைக் கறவையா, நாள் முழுவதற்குமா?