குறி தப்பினாலும் கைவிடாத துப்பாக்கி: துப்பாக்கிச் சண்டை வீடியோ விளையாட்டில் ஐம்பது வயதைக் கடந்த புதிய ஆட்டக்காரர்களின் கேள்விகள்

சிறந்த துப்பாக்கி எது? உடனே பதில் வேண்டும்.

எந்த விளையாட்டு என்று எழுதவில்லை. கைபேசியா, கணினியா என்று எழுதவில்லை. எத்தனை நாளாக ஆடுகிறீர்கள் என்பதும் இல்லை. போகும் ஊரைச் சொல்லாமல் எந்த பஸ்ஸில் ஏறுவது என்று கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு கிடையாது. இருந்தாலும் இதே கேள்வியோடு பத்துப் பதினைந்து கடிதங்கள் வந்திருப்பதால் பொதுவாக ஒன்று சொல்கிறேன். 30 தோட்டா பிடிக்கும், தொடர்ந்து சுடும், உதைப்பு (சுடும்போது துப்பாக்கி துள்ளுவது) குறைந்த ஒரு ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். குறிபார்க்க ரெட் டாட், அதாவது நடுவில் சிவப்புப் புள்ளி காட்டும் குறி, போதும். ஒரு மாதம் அதே துப்பாக்கியோடு இருங்கள். முதல் இரண்டு தோட்டா தப்பினாலும் மூன்றாவதும் நான்காவதும் பட வாய்ப்புத் தருகிற ஆயுதம்தான் புதியவருக்கு ஆயுதம். ஒரு தோட்டாவில் ஆளைச் சாய்க்கும் ஆயுதத்தைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பேசுகிறேன்.

கைபேசியில் பப்ஜி ஆடுகிறேன், வயது 58. எம்416, ஏ.கே.எம். இரண்டும் கையில் கிடைத்தால் எதை வைத்துக்கொள்வது? ஏ.கே.எம். எதிரிக்குத் தரும் சேதம் அதிகம் என்கிறார்களே?

எம்416. யோசிக்கவே வேண்டாம்.

ஏ.கே.எம்.மின் ஒவ்வொரு தோட்டாவும் கொஞ்சம் பலமானது என்பது உண்மை. ஆனால் அதில் முன்பிடி (குழலுக்குக் கீழே மாட்டும் கைப்பிடி) பொருத்த முடியாது. தோளில் அணையும் பின்கட்டையும் பொருத்த முடியாது. எம்416இல் குழல்முனைக் கருவி, முன்பிடி, மேகசின் (தோட்டாப் பெட்டி), பின்கட்டை, ஸ்கோப் (தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் குறி) எல்லாமே ஏறும். முனைக் கருவியும் முன்பிடியும் பின்கட்டையும் உதைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கும். நீட்டித்த மேகசின் கிடைத்தால் 30 தோட்டா 40 ஆகிவிடும். சேதப் பட்டியலில் எழுதியிருக்கும் எண் பட்ட தோட்டாவுக்கு மட்டும்தான் பொருந்தும். வானத்தில் போன தோட்டாவின் சேதம் பூஜ்யம். இதை நான் எத்தனை முறை எழுதினாலும் மறுபடி சேதப் பட்டியலோடு கடிதம் வருகிறது.

எம்416 கிடைக்கும்வரை யு.எம்.பி.45 என்ற சிறிய தொடர்துப்பாக்கியை வைத்துக்கொள்ளுங்கள். உதைப்பு மிகக் குறைவு. தூரத்துக்கு ஆகாது, அவ்வளவுதான்.

தங்க நிறத் துப்பாக்கித் தோல் வாங்கினால் சேதம் கூடுமா?

கூடாது. தோல் என்பது வண்ணம் மட்டுமே. சில விளையாட்டுகளில் இரும்புக் குறியின் (துப்பாக்கியோடு சேர்ந்தே வரும் சாதாரணக் குறி) வடிவம் சற்று மாறும், அதற்குமேல் ஒன்றுமில்லை. அந்தப் பணத்தில் நல்ல ஹெட்போன் வாங்குங்கள். எதிரியின் காலடி எந்தப் பக்கம் கேட்கிறது என்று தெரிவது எந்தத் தோலையும்விடப் பெரிய உதவி.

வேலரன்ட் விளையாட்டில் வேண்டலா, பேண்டமா? மகன் வேண்டல் என்கிறான்.

உங்கள் மகனுக்கு வேண்டல் சரி. உங்களுக்கு பேண்டம்.

இரண்டும் ரைஃபிள்தான், இரண்டின் விலையும் ஆட்டத்துக்குள் 2900தான். வேண்டலின் பெருமை முழுவதும் ஒரே விஷயத்தில் இருக்கிறது. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் தலையில் ஒரு தோட்டா பட்டால் 160 சேதம், முழுக் கவசம் போட்டவருக்கும் மொத்த உயிர் அளவு 150தான், ஆகவே அவர் விழுந்துவிடுவார். பேண்டமில் தலைச் சேதம் தூரம் கூடினால் 150க்குக் கீழே போய்விடும். தலையைக் குறிவைத்து அடிக்கத் தெரிந்தவனுக்கு இது பெரிய வேறுபாடு. தொடங்கி மூன்று மாதம்கூட ஆகாத நமக்கு முக்கால்வாசித் தோட்டா மார்பிலும் தோளிலும்தான் படுகிறது. பேண்டமில் 30 தோட்டா, வேண்டலில் 25. பேண்டம் வேகமாகச் சுடும், தோட்டாக்கள் அதிகம் சிதறாது, எதிரிக்குத் தோட்டாவின் தடமும் தெரியாது. புகைக்குள் சுட்டாலும் நீங்கள் இருக்கும் இடம் காட்டிக்கொடுக்கப்படாது.

பணம் குறைந்த சுற்றில் 1600க்கு ஸ்பெக்டர் என்ற சிறிய தொடர்துப்பாக்கியை வாங்குங்கள். மகன் சிரித்தாலும் வாங்குங்கள்.

எனக்கு 63 வயது. கை வேகம் குறைந்துவிட்டது. இளைஞர்களோடு நேருக்கு நேர் மோத முடியாது. அதனால் ஸ்னைப்பர் (தூரத்திலிருந்து சுடும் துப்பாக்கி) எடுத்துக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்துவிடலாம் என்று தீர்மானித்திருக்கிறேன். எந்த ஸ்னைப்பர் நல்லது?

இந்தக் கடிதம் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வடிவத்தில் வருகிறது. வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எழுதுகிறவர்கள் பொறுமைசாலிகள், யோசித்து ஆட விரும்புகிறவர்கள். அந்த நல்ல குணமே அவர்களைத் தவறான ஆயுதத்திடம் கொண்டுபோய்விடுகிறது. மூன்று நான்கு வாரத்தில் "இந்த வயதில் இது நமக்கு வராது" என்று விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள். வராதது விளையாட்டு அல்ல, ஸ்னைப்பர்.

கை மெதுவாக இருக்கிறவருக்கு ஸ்னைப்பர் ஏற்றது என்ற எண்ணம் தலைகீழானது. எல்லா ஆயுதங்களிலும் அதிகமாகக் கைவேகம் கேட்பது அதுதான். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாட்டில் ஏ.டபிள்யூ.பி. என்ற ஸ்னைப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையைப் பார்த்தபடி ஸ்கோப்பில் காத்திருக்கிறீர்கள். எதிரி ஓடி வெளியே வந்து மறுபக்கம் மறைய அரை விநாடிதான் ஆகும். இளைஞனுக்கே கண்ணில் பட்டதும் விரல் அசையக் கால் விநாடி அளவு தேவை. வயது ஏற ஏற அது கூடிக்கொண்டே போகும். இதில் இன்னொன்றும் இருக்கிறது. இணைய ஆட்டத்தில் மூலையிலிருந்து வெளியே பாய்கிறவருடைய திரையில் நீங்கள் முதலில் தெரிவீர்கள், அவர் உங்கள் திரையில் தெரிவது அதற்குக் கொஞ்சம் பின்னால்தான். தகவல் சர்வருக்கு (ஆட்டத்தை நடத்தும் கணினி) போய்த் திரும்ப ஆகும் நேரம் அது. அசையாமல் காத்திருக்கிறவருக்கே அந்த நட்டம்.

சரி, சுட்டுவிட்டீர்கள், தப்பிவிட்டது. அடுத்த தோட்டாவுக்கு ஏ.டபிள்யூ.பி.யில் ஒன்றரை விநாடி ஆகும். பப்ஜியின் கார்98கே ஸ்னைப்பர் என்றால் கிட்டத்தட்ட இரண்டு விநாடி. அந்த நேரத்தில் எதிரியின் ரைஃபிள் பத்துப் பதினைந்து தோட்டா சுட்டுவிடும். ரைஃபிளில் தப்பு செய்தால் அடுத்த தோட்டாவில் திருத்தலாம், ஸ்னைப்பரில் திருத்த நேரம் கிடையாது. ஸ்கோப்புக்குள் கண் இருக்கும்போது பக்கவாட்டில் வருகிறவர் தெரியவும் மாட்டார்.

பணக் கணக்கையும் பாருங்கள். ஏ.டபிள்யூ.பி.யின் விலை 4750, மேகசினில் 5 தோட்டா. ஏ.கே.-47 2700தான், 30 தோட்டா. போட்டி முறையில் ரைஃபிளால் ஒருவரை வீழ்த்தினால் 300 கிடைக்கும், ஏ.டபிள்யூ.பி.யால் வீழ்த்தினால் 100தான். நீங்கள் விழுந்தால் அந்த விலையுயர்ந்த ஆயுதத்தை எதிரி பொறுக்கிக்கொண்டு உங்கள் அணியின்மீதே திருப்புவான். அணித் தோழர்கள் முகம் சுளிப்பதாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். காரணம் உங்கள் வயது அல்ல, இந்தக் கணக்கு.

அப்படியானால் பொறுமைக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. பப்ஜியில் மினி14 என்று ஒன்று உண்டு. ஸ்னைப்பர் போலத் தூரத்துக்குச் சுடும், ஆனால் விரலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் உடனே அடுத்த தோட்டா வரும். 20 தோட்டா இருக்கும். முதல் தோட்டா எங்கே விழுந்தது என்று பார்த்து இரண்டாவதை நகர்த்தலாம். தூரம் கூடக் கூடத் தோட்டா தாழும், போய்ச் சேர நேரமும் ஆகும் என்பதை இப்படித்தான் கண்ணால் கற்க முடியும். இரண்டு விநாடிக்கு ஒரு தோட்டா சுட்டுக்கொண்டு கற்க முடியாது. வேலரன்ட்டில் அந்த இடத்தில் கார்டியன் இருக்கிறது, 2250.

பொறுமையை இடத்தைத் தேர்வதில் காட்டுங்கள். ரைஃபிளோடு, தோழர் ஒருவர் பக்கத்தில், சுவரையொட்டி, எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் பின்வாங்க வழி உள்ள இடத்தில் நில்லுங்கள். என்னோடு பழகிய மூத்த ஆட்டக்காரர்களில் நிலைத்து நின்றவர்கள் எல்லோரும் இப்படி ஆடியவர்களே. ஆறு மாதம் கழித்தும் ஸ்னைப்பர் ஆசை இருந்தால் அப்போது எழுதுங்கள், மகிழ்ச்சியோடு சொல்லித்தருகிறேன்.

ஷாட்கன்?

வீட்டுக்குள் மட்டும். தூரம் கூடினால் அது வெறும் சத்தம். கதவுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் எதிரி பத்தடியில் நிற்கிறான், நான் முழு மேகசினையும் காலி செய்கிறேன், ஒன்றுகூடப் படவில்லை. என் ஏ.கே. பழுதா?

ஓடிக்கொண்டே சுடுகிறீர்கள். கடிதத்தில் நீங்கள் சொல்லாவிட்டாலும் தெரிகிறது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கிலும் வேலரன்ட்டிலும் ஓடும் காலோடு ரைஃபிள் சுட்டால் தோட்டா எங்கு வேண்டுமானாலும் போகும், விளையாட்டின் விதியே அதுதான். நில்லுங்கள், பிறகு சுடுங்கள். சட்டென்று நிற்க, போகும் திசைக்கு எதிர்ப்பொத்தானை ஒரு கணம் தட்டினால் போதும்.

இரண்டாவது, விரலை எடுக்காமல் அழுத்துகிறீர்கள். ஒரு சுவருக்கு முன்னால் நின்று 30 தோட்டாவையும் ஒரே மூச்சில் சுட்டு, துளைகளைப் பாருங்கள். முதலில் நேர் மேலே ஏறும், பிறகு இடமும் வலமும் அலையும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே கோலம்தான் வரும். முதல் மூன்று நான்கு தோட்டாவோடு விரலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். கோலத்தை அடக்க மவுஸை மெல்லக் கீழே இழுக்கும் பழக்கம் பிறகு வரும். ஒரே துப்பாக்கியை ஒரு மாதம் வைத்திருங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதற்காகத்தான். வாரம் ஒரு துப்பாக்கி மாற்றினால் கை எந்தக் கோலத்தையும் கற்காது.

விரல் மூட்டுகளில் வலி இருக்கிறது. நீண்ட நேரம் பொத்தானை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. என்ன ஆயுதம்?

ஒவ்வொரு தோட்டாவுக்கும் விரலைத் தட்ட வேண்டிய துப்பாக்கிகளைத் தவிருங்கள். தொடர்ந்து சுடுபவை மட்டும் போதும், அவற்றிலும் மூன்று நான்கு தோட்டாவோடு விரலை எடுத்துவிடுங்கள். ஆயுதத்துக்கு முன்பே செட்டிங்கைப் பாருங்கள். குறிபார்க்கும் பொத்தானை "அழுத்திப் பிடி" என்பதிலிருந்து "ஒருமுறை தட்டு" என்று மாற்றினால் வலி ஓரளவு குறையலாம். கைபேசியில் கால் ஆஃப் டூட்டி ஆடுபவர்களுக்கு, குறி எதிரியின்மேல் வந்ததும் தானே சுடும் எளிய முறை இருக்கிறது. வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள்.

ஓவர்வாட்ச் ஆடிப் பார்க்கலாம். அதில் மொய்ரா, வின்ஸ்டன் போன்ற பாத்திரங்களின் ஆயுதங்களுக்கு நுணுக்கமான குறி தேவையில்லை, எதிரியின் பக்கம் திருப்பி வைத்திருந்தால் போதும். எப்போது முன்னேறுவது, எப்போது விலகுவது என்ற தீர்மானம்தான் அங்கே ஆட்டம்.

வலி வந்தால் நிறுத்திவிடுங்கள். அரை மணிக்கு ஒரு முறை கைக்கு ஓய்வு கொடுங்கள். வலியோடு "இன்னும் ஒரு ஆட்டம்" வேண்டாம்.

பெரிய ஸ்கோப் வைத்தால் தலை சுற்றுகிறது.

வைக்காதீர்கள். 6 மடங்கு, 8 மடங்கு ஸ்கோப்பில் கையின் சிறு அசைவும் திரையில் பேரலையாகத் தெரியும். ரெட் டாட், அதிகபட்சம் 3 மடங்கு. செட்டிங்கில் மோஷன் பிளரையும் (அசையும்போது படம் மங்குவது) கேமரா அதிர்வையும் அணையுங்கள். பார்வைக் கோணத்தைக் கூட்ட முடிகிற விளையாட்டு என்றால் சற்றுக் கூட்டிப் பாருங்கள்.

கண்ணாடி போட்டும் எதிரி தெரியவில்லை. இரும்புக் குறியும் மங்கல்.

இரும்புக் குறியை மறந்துவிடுங்கள், எந்த ரெட் டாட் கிடைத்தாலும் பொருத்துங்கள். வேலரன்ட்டில் எதிரியின் உருவக் கோடு சிவப்பாக இருக்கும், செட்டிங்கில் அதை மஞ்சளாக மாற்றுங்கள். பலருக்கு அன்றைக்கே வேறுபாடு தெரிந்திருக்கிறது. திரை நடுவிலுள்ள குறியையும் தடித்துப் பச்சையாக வைக்கலாம். படிக்கும் கண்ணாடியின் தூரமும் திரையின் தூரமும் ஒன்றல்ல, கண் மருத்துவரிடம் திரை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள்.

போட்டி வீரர் ஒருவரின் துப்பாக்கி அமைப்பை அப்படியே நகல் எடுத்தேன், இன்னும் மோசமாக ஆடுகிறேன்.

அவர் நாள்தோறும் எட்டு மணி நேரம் பழகுகிறவர். உதைப்பைக் கையால் அடக்கிவிடுவார், அதனால் அமைப்பில் வேகத்தைத் தேடுகிறார். நீங்கள் அதற்கு நேர்மாறாக, உதைப்பைக் குறைக்கும் எல்லாவற்றையும் பொருத்துங்கள்.

ஒரு மாதம் ஒரே எம்416. நீங்கள் சொன்னபடியே செய்தேன். உடம்பில் படுகிறது, தலையில் படவே இல்லை. இப்போதாவது மாற்றலாமா?

வேண்டாம். நடக்கும்போது உங்கள் குறி தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும், பெரும்பாலோருக்கு அப்படித்தான். எதிரி வந்தபின் மேலே தூக்குகிறீர்கள், அதற்குள் மார்பில் சுடத் தொடங்கிவிடுகிறீர்கள். கதவு, மூலை, சுவர் எதைக் கடந்தாலும் அங்கே ஓர் ஆள் நின்றால் அவர் தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்திலேயே குறியை வைத்து நடங்கள். பயிற்சித் திடலில் எதிரியே இல்லாமல் பத்து நிமிடம் இப்படி நடந்து பழகிவிட்டு ஆட்டத்துக்குள் போங்கள். இரண்டு வாரம் கழித்து எழுதுங்கள், எந்த ஸ்கோப், சென்சிட்டிவிட்டி (கை அசைவுக்குக் குறி நகரும் வேகம்) எவ்வளவு என்பதையும் சேர்த்து.